சித்திரக்கதை இரசிகர்: நான்கு தலைமுறைகள்

1

கலையைப் பற்றி எழுதுவோர் படைப்பைப் பற்றி எழுதுகின்றனர். படைத்தவனைப் பற்றியும் எழுதுகின்றனர். அப்படைப்பை விரும்பி நுகர்ந்தவனைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. இரசிகன் என்பவன் எக்காலத்திலும் ஒரே தன்மையன் என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆனால் எழுத்தாளனைப் போலவே வாசகனும் தன் காலத்துச் சமுதாய உறவுகளால் உருவாக்கப்படுபவன். நூல் எவ்வாறு அச்சாகிறது, எங்கே விற்கப்படுகிறது, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பன அவனுடைய இரசனையையும் பழக்கங்களையும் பெரிதும் நிர்ணயிக்கின்றன. இவ்வுண்மையை விளக்குதற்கு அமெரிக்கச் சித்திரக்கதை நூல்களின் இரசிகரைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

சித்திரக்கதை போன்ற அற்ப விஷயத்துக்கு இத்தகைய ஏட்டில் இடம் வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கோடிக்கணக்கான தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் விரும்பி வாசித்த ஒன்று அற்பமானதாக இருக்கலாம்; அதை அவர்கள் ஏன் வாசித்தனர், எவ்வாறு வாசித்தனர் என்ற வினா அற்பமானதன்று. மக்கள் கையிலெடுத்த எதனையும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்வது பண்டிதர்களின் வழக்கம். அவ்வழக்கத்தைக் கண்டித்து வந்த நாமே அதனைப் பின்பற்றுவது பொருந்தாது.

இரண்டு தொகைகளை முதலில் நினைவிற் கொள்வோம். 1938 இல், கிளீவ்லண்ட் நகரத்து இளைஞர்களான ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் தாம் படைத்த சுப்பர்மான் என்னும் பாத்திரத்தின் உரிமை முழுவதையும் 130 டொலருக்கு ஒரு வெளியீட்டுக் கம்பனிக்கு எழுதிக் கொடுத்தனர். 2024 இல், அப்பாத்திரம் முதன்முதலாகத் தோன்றிய 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாம் இதழின் ஒரேயொரு பிரதி 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. முன்னைய தொகையைப் பெற்றவர்கள் படைத்தவர்கள். பின்னைய தொகை ஒரு பிரதியைக் கையில் வைத்திருந்தவருக்குச் சென்றது. இவற்றுக்கு இடைப்பட்ட காலமே சித்திரக்கதை இரசிகனின் சரித்திரம். இதைப் படைத்தவன் யார், அவனுக்கு என்ன நேர்ந்தது என்ற வினாவை எத்தலைமுறை கேட்டது, எத்தலைமுறை கேட்க மறந்தது என்பதைக் கொண்டே அவ்வத் தலைமுறையை மதிப்பிட வேண்டும் என்பது என் துணிபு.

2

முதலாம் தலைமுறை பொருளாதார மந்தத்தின் பிள்ளைகள். 1930களின் பிற்பகுதியில் பத்திரிகைக் கடைகளில் 10 சதத்துக்குச் சித்திரக்கதை இதழ் கிடைத்தது. மட்டமான கடதாசி, கண்ணைப் பறிக்கும் வர்ணம். வேலையில்லாத் தந்தையரின் பிள்ளைகளும், ஆங்கிலம் சரளமாக வராத குடியேறிகளின் பிள்ளைகளும் அதை வாங்கினர். ஒருவன் வாங்கியதைப் பலர் வாசித்தனர். கைமாறிக் கைமாறி மூலைகள் மடிந்து, அட்டை கிழிந்து, இறுதியில் குப்பைக்குச் சென்றது. இரண்டாம் உலக யுத்த காலத்துப் பழங்கடதாசிச் சேகரிப்பில் எஞ்சியவற்றுள்ளும் பெரும்பகுதி போயிற்று. அன்றைய இதழ்கள் இன்று கிடைத்தற்கரியனவாக இருப்பதற்கு அன்றைய பிள்ளைகள் அவற்றை உண்மையிலேயே வாசித்தார்கள் என்பதும் ஒரு காரணம்.

சுப்பர்மானைப் படைத்தவர்களும் இத்தகைய இரசிகர்களே. இருவரும் யூதக் குடியேறிகளின் புதல்வர்கள். விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில் ஈடுபாடு கொண்டு, பாடசாலை நாட்களிலேயே தாமாக ஒரு சிறு சஞ்சிகையை றோனியோ செய்து வெளியிட்டவர்கள். அவர்களுடைய முதல் ஆண்டுக் கதைகளில் சுப்பர்மான் யாருடன் மோதினான் என்பதைக் கவனித்தல் வேண்டும். சுரங்கத் தொழிலாளரின் உயிரைப் பொருட்படுத்தாத முதலாளி, யுத்தத்தை மூட்டி இலாபம் காணும் ஆயுத உற்பத்தியாளன், மனைவியை அடிக்கும் கணவன் ஆகியோரே அவனுடைய பகைவர்கள். பலமற்றவர்களின் பக்கத்தில் பலத்தை நிறுத்திப் பார்க்கும் ஆசை அக்கதைகளில் வெளிப்பட்டது. ஒரு தனிமனிதன் வானத்தில் பறந்து வந்து அநீதியைத் தீர்ப்பான் என்பது பொய்யான தீர்வு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அநீதி எங்கே இருந்தது என்பதைக் கிளீவ்லண்டின் அவ்விரு இளைஞர்களும் சரியாகவே இனங்கண்டிருந்தனர்.

பாத்திரம் கோடிகளைச் சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்தப் பகைவர்கள் மெல்ல மறைந்தனர். வங்கிக் கொள்ளையரும் விசித்திர விஞ்ஞானிகளும் அவர்களுடைய இடத்துக்கு வந்தனர். 1947 இல் படைப்பாளிகள் இருவரும் தம் உரிமையை மீட்க வழக்குத் தொடுத்தனர். அதன் பின்னர் அவர்களுடைய பெயர்களும் கதைகளிலிருந்து நீக்கப்பட்டன. பெயர் மறைந்ததை எத்தனை சிறுவர்கள் கவனித்திருப்பர்? கவனித்தவர்கள் இருந்திருப்பினும் அதை மற்றொருவருக்குச் சொல்ல வழியில்லை. முதலாம் தலைமுறை இரசிகன் அன்பு நிறைந்தவன், ஆனால் தனித்தவன். தன்னைப் போன்றவர்கள் அயல் நகரத்தில் இருப்பதை அவன் அறியான். ஸ்தாபனம் இல்லாத இடத்தில் கேள்வியும் பிறப்பதில்லை.

3

இந்தச் சிறுவர்களுக்காகப் பேச முன்வந்தவர் பிரெட்ரிக் வேர்தம் என்னும் மனநோய் மருத்துவர். இவருடைய வரலாற்றை முற்போக்காளர் ஒவ்வொருவரும் கற்க வேண்டும். ஏனெனில் அதில் நம்முடைய தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது.

வேர்தம் பிற்போக்காளர் அல்லர். 1946 இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில், வறிய கறுப்பின மக்களுக்காக அவர் ஒரு மனநல நிலையத்தைத் திறந்தார். கட்டணம் 25 சதம், அதுவும் இயன்றவருக்கே. கார்ல் மார்க்ஸின் மருமகனான போல் லபார்க்கின் பெயரை அந்நிலையத்துக்குச் சூட்டினார். நிறவாரியாகப் பாடசாலைகளைப் பிரிப்பது பிள்ளைகளின் மனத்தைச் சிதைக்கிறது என்று அவர் அளித்த சாட்சியம், 1954 இல் அப்பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய பெருந்தீர்ப்புக்குத் துணை நின்ற சாட்சியங்களுள் ஒன்று. அதே மனிதர்தாம் அதே 1954 இல் சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று வாதிடும் நூலை வெளியிட்டார். செனற் உபகுழு விசாரணை நடத்தியது. கம்பனிகள் தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதித்தொகுதியை வகுத்துக்கொண்டன. இதற்கு முன்னரே, 1948 இல், சில ஊர்களில் பிள்ளைகளைக் கொண்டே சித்திரக்கதை இதழ்களைக் குவித்துத் தீயிட்டிருந்தனர். நாஜிகளின் நூலெரிப்பு நிகழ்ந்து 15 ஆண்டுகளே கழிந்திருந்தன.

பிரித்தானியாவிலும் இதே குரல் எழுந்தது. அங்கே அமெரிக்கச் சித்திரக்கதைகளுக்கு எதிரான இயக்கத்தில் கம்யூனிஸ்டுகள் முன்னின்றனர். ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்தன. 1955 இல் சட்டம் நிறைவேறியது. அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் நச்சிலக்கியம் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அதில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கொலையையும் குரூரத்தையும் விற்றுப் பணம் சேர்த்த இதழ்கள் ஏராளமாக இருந்தன. ஆனால் குப்பையையும் மணியையும் ஒரே தீயில் இட்டமைதான் தவறு.

இ.சி. என்னும் வெளியீட்டகம் பயங்கரக் கதைகளுக்குப் பெயர் பெற்றது. அதுவே 1953 இல் 'தீர்ப்பு நாள்' என்றொரு கதையையும் வெளியிட்டது. பூமியிலிருந்து செல்லும் ஒரு பிரதிநிதி, இயந்திர மனிதர் வாழும் கிரகமொன்றை ஆராய்கிறார். அங்கே ஆரஞ்சு நிறத்தோரும் நீல நிறத்தோரும் ஒரேவிதமாகச் செய்யப்பட்டவர்கள். எனினும் நீல நிறத்தோர் ஒதுக்கி வைக்கப்படுகின்றனர். அக்கிரகம் விண்வெளிக் குடியரசிற் சேரத் தகுதியற்றது என்று பிரதிநிதி தீர்ப்பளிக்கிறார். இறுதிச் சித்திரத்தில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பர். 1956 இல் இக்கதையை மறுபிரசுரம் செய்ய முயன்றபோது, அம்மனிதர் கறுப்பராக இருத்தல் ஆகாது எனத் தணிக்கையாளர் தடுத்தார். வெளியீட்டாளர் பில் கெயின்ஸ் பணியாமல் அதனை வெளியிட்டார். அதுவே அந்நிறுவனத்தின் கடைசிச் சித்திரக்கதை இதழாக முடிந்தது. நிறவெறிக்கு எதிராகச் சாட்சியம் கூறிய மருத்துவரின் கிளர்ச்சி, நிறவெறிக்கு எதிரான கதையின் குரல்வளையை நெரிக்கும் கருவியாயிற்று. வரலாற்றின் இந்த முரண்பாட்டை நாம் மறத்தல் ஆகாது.

இங்கு யாரும் பிள்ளைகளைக் கேட்கவில்லை. வேர்தமின் மூலக் குறிப்புகளை ஆராய்ந்த கரோல் டில்லி என்னும் அறிஞர், அவர் பிள்ளைகளின் வாக்குமூலங்களைத் தம் வாதத்துக்கு ஏற்பத் திரித்திருந்ததை 2012 இல் வெளிப்படுத்தினார். பிள்ளையின் நன்மைக்காகவே பேசினார். ஆனால் பிள்ளையின் சொல்லை அவர் நம்பவில்லை. மக்களுக்காகப் போராடுகிறோம் என்று கூறிக்கொண்டு மக்களின் வாயை அடைக்கும் வழக்கம் மருத்துவர்களுக்கு மட்டும் உரியதன்று. இதே வேர்தம் தம் முதுமையில், 1973 இல், இரசிகர்கள் தாமே நடத்திய சிறு சஞ்சிகைகளைப் போற்றி ஒரு நூல் எழுதினார் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். அச்சஞ்சிகைகள் எவ்வாறு தோன்றின என்பதை அடுத்து நோக்குவோம்.

4

இரண்டாம் தலைமுறை கடிதம் எழுதியவர்களின் தலைமுறை. 1960 அளவில், ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற ஆசிரியர் தாம் பொறுப்பாயிருந்த இதழ்களின் வாசகர் கடிதப் பகுதியில் எழுதியவர்களின் முழு விலாசத்தையும் அச்சிடத் தொடங்கினார். சிறிய மாற்றம், ஆனால் அதன் விளைவு பெரிது. வாசகன் ஆசிரியருக்கு எழுதுவதோடு நில்லாமல் மற்றொரு வாசகனுக்கும் எழுதலானான். தனித்திருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டனர்.

1961 இல் டிட்ரொயிட் நகரத்துப் பல்கலைக்கழக ஆசிரியரான ஜெரி பெய்ல்ஸ், றோய் தோமஸ் என்ற இளைஞரின் துணையுடன் 'ஆல்டர் ஈகோ' என்னும் இரசிகர் சஞ்சிகையைத் தொடங்கினார். பின்னர் தோமஸ் உயர்தரப் பாடசாலையில் ஆசிரியராகி, 1965 இல் மார்வெல் கம்பனியிற் சேர்ந்தார். கைப்பொறியில் பிரதியெடுத்துத் தபாலில் அனுப்பிய இத்தகைய சஞ்சிகைகள் நாடெங்கும் முளைத்தன. அவற்றில் விமர்சனம் இருந்தது, வரலாறு இருந்தது, வாசகர் தாமே தீட்டிய சித்திரங்களும் இருந்தன. வாசகன் எழுத்தாளனாகும் வழி திறந்தது. சிறு சஞ்சிகைகளை நடத்தியும் வாசித்தும் வளர்ந்த நமக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

இத்தலைமுறைதான் முதன்முதலாக யார் இதைச் செய்தார் என்று கேட்டது. டொனால்ட் வாத்துக் கதைகள் யாவும் வோல்ட் டிஸ்னியின் பெயரிலேயே வந்தன. ஆனால் அவற்றுட் சிலவற்றில் ஒரு தனிக் கையின் கோடும் ஒரு தனி மனத்தின் நகைச்சுவையும் இருப்பதை வாசகர் கண்டிருந்தனர். பெயர் தெரியாமையால் 'நல்ல வாத்து ஓவியர்' என்று அவரை அழைத்தனர். கம்பனியை விடாது விசாரித்து, 1960 அளவில் அவர் கார்ல் பார்க்ஸ் என்பதைக் கண்டறிந்தனர். ஒரு தொழிலாளியின் பெயரை முதலாளியின் முத்திரைக்குக் கீழிருந்து மீட்டெடுத்த செயல் இது.

இதனினும் முக்கியமானது பில் ஃபிங்கரின் கதை. பற்மான் என்னும் பாத்திரத்தைப் பொப் கேன் தனியே படைத்தார் என்று 1939 முதல் உலகம் நம்பி வந்தது. கதைகளை எழுதியவரும், அப்பாத்திரத்தின் தோற்றத்தையே பெருமளவில் வகுத்தவருமான ஃபிங்கரின் பெயர் எங்கும் இல்லை. 1965 இல் நியூயோர்க்கில் நடந்த இரசிகர் மாநாட்டில் ஃபிங்கர் வந்து பேசினார். பெய்ல்ஸ் அவரைச் சந்தித்து, உண்மையைக் கட்டுரையாக்கிச் சுற்றுக்கு விட்டார். பொப் கேன் அதனை மறுத்து ஓர் இரசிகர் சஞ்சிகைக்கு நீண்ட கடிதம் எழுதினார். பெரும் பத்திரிகை எதுவும் பொருட்படுத்தாத ஒரு விவாதம் கையால் பிரதியெடுத்த தாள்களில் நடந்தது.

இவ்வெழுச்சியின் பலத்தை முதலாளிகளும் உணர்ந்தனர். மார்வெல் கம்பனியின் ஸ்டான் லீ வாசகனை நண்பனே என்று விளித்து எழுதினார். கம்பனியில் அனைவரும் ஒரே குடும்பமாகச் சிரித்து மகிழ்ந்து வேலை செய்வதாக ஒரு சித்திரத்தைத் தீட்டினார். 1964 இல் ஒரு டொலர் சந்தாவுக்கு இரசிகர் சங்கமும் அமைத்தார். ஆனால் அக்கதைகளைத் தீட்டிய ஜாக் கேர்பியும் ஸ்டீவ் டிட்கோவும் பக்கத்துக்கு இத்தனை டொலர் என்று கூலி பெற்றனர். படைப்பில் உரிமை இல்லை, ஓய்வூதியம் இல்லை, மூல ஓவியங்கள்கூட அவர்களுக்குத் திரும்பவில்லை. இரசிகனின் தோழமை உணர்ச்சி விற்பனைச் சாதனமாக மாறிய கட்டம் இதுவே. அவன் கடிதம் எழுதியது அன்பினால். கம்பனி அதை அச்சிட்டது ஆதாயத்துக்காக.

இத்தலைமுறையின் குறைபாடும் தெளிவு. மாநாடுகளில் கூடியோர் பெரும்பாலும் வெள்ளையரான, ஓரளவு கல்வி பெற்ற ஆண்கள். 1968 இல் சான் பிரான்சிஸ்கோவில் தணிக்கையை உதறி எழுந்த மறைமுகச் சித்திரக்கதை இயக்கத்திலும் பெண்கள் ஒதுக்கப்பட்டனர். 1970 இலும் 1972 இலும் அவர்கள் தமக்கெனத் தனி இதழ்களைத் தொடங்க நேர்ந்தது. தோழமை என்ற சொல்லுக்குள்ளும் வேலிகள் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

5

மூன்றாம் தலைமுறை கடையில் பிறந்தது. 1970 இல் றொபேர்ட் ஓவர்ஸ்ட்ரீட் பழைய இதழ்களின் விலைப்பட்டியலை நூலாக வெளியிட்டார். அதுவரை நினைவின் பொருளாயிருந்த பழைய இதழ் சந்தையின் பொருளாயிற்று. 1970களில் பில் சூலிங் என்ற வியாபாரி, பத்திரிகைக் கடைகளைத் தவிர்த்துச் சித்திரக்கதைக்கென்றே இயங்கும் கடைகளுக்கு நேரடியாக இதழ்களை அனுப்பும் முறையை ஏற்படுத்தினார். இக்கடைகள் அதிக கழிவைப் பெற்றன. ஆனால் விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்ப முடியாது.

இம்முறையால் நன்மை விளையவில்லை என்று கூறுவது அநீதி. குறைந்த தொகையில் அச்சாகும் சிறு வெளியீடுகளுக்கும் வாசகர் உண்டு என்ற நிலை தோன்றியது. 1986 இல் முதற்பாகம் நூலாக வெளிவந்த ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட ஒரு தந்தையின் கதையை எலிகளையும் பூனைகளையும் கொண்டு சொன்னது. 1992 இல் புலிட்சர் பரிசு பெற்றது. சித்திரக்கதை தன் யதார்த்த இலக்கியத்தை ஈன்றுவிட்டது என்று அன்று சொல்ல முடிந்தது.

ஆனால் அதே ஆண்டுகளில் கடையின் மறுமுகம் வேறாக இருந்தது. சந்தியிலுள்ள பத்திரிகைக் கடையில் 10 சதத்தோடு நின்ற சிறுவனுக்குப் புதிய கடையில் இடமில்லை. சிறுமிக்கு அறவே இல்லை. வந்தவர்கள் வளர்ந்த ஆண்கள். பலர் எதிர்கால விலையை எண்ணி வாங்கினர். 1991 இல் மார்வெலின் ஓர் இதழ் ஐந்து வேறு அட்டைகளுடன் வந்தது. அவை அனைத்தையும் வாங்கினாலன்றிச் சேகரிப்பு நிறைவுறாது என்று கருதியோர் வாங்கினர். 80 இலட்சம் பிரதிகள் கடைகளுக்குப் போயின. 1992 இல் சுப்பர்மானின் மரணத்தைக் கூறும் இதழ் கறுப்பு உறையில் மூடி முத்திரையிடப்பட்டு வந்தது. உறையைப் பிரித்தால் விலை குறையும். ஆகவே பலர் இரண்டு வாங்கினர்: ஒன்று வாசிக்க, மற்றொன்று பூட்டிவைக்க. இலட்சக்கணக்கானோர் பூட்டிவைத்த பொருள் அரிய பொருளாவது எங்ஙனம்? ஊகவணிகம் சரிந்தது, ஆயிரக்கணக்கான கடைகள் மூடின, 1996 டிசம்பரில் மார்வெல் கம்பனியே வங்குரோத்து நிலையை அறிவித்தது.

2000 இலிருந்து பழைய இதழ்களைப் பரிசோதித்து, 10க்கு இத்தனை என்று புள்ளி வழங்கி, கடினமான பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துத் தரும் தொழில் ஒன்றும் நடைபெறுகிறது. பேழையைத் திறந்தால் புள்ளி செல்லாது. நூல் ஒன்று திறக்கப்படாமலிருப்பதாலேயே பெறுமதி அடைகிறது. பண்டத்தின் பயன்பெறுமதியும் பரிவர்த்தனைப் பெறுமதியும் பற்றி மாணவருக்கு விளக்க விரும்பும் ஆசிரியர் இதனினும் நல்ல உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை.

6

நான்காம் தலைமுறையை நூலிடம் கொண்டுவந்தது நூல் அன்று, திரை. 2009 இல் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு மார்வெலை வாங்கியது. 2019 இல் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' என்ற ஒரு படம் மட்டும் உலகெங்கும் 270 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. 1970 இல் சான் டியாகோ நகரத்து விடுதியொன்றில் ஏறத்தாழ 300 பேருடன் நடந்த இரசிகர் மாநாட்டுக்கு இப்பொழுது 1,30,000 பேர் வரை வருகின்றனர். ஹொலிவூட் கம்பனிகள் தம் படங்களை விளம்பரம் செய்யும் சந்தையாக அது மாறிவிட்டது. ஓர் இதழைக்கூட வாசியாமல் சித்திரக்கதை இரசிகனாக இருத்தல் இன்று சாத்தியம்.

பழைய தலைமுறையினர் இதைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். அம்முகச்சுளிப்பை நாம் அப்படியே ஏற்றல் ஆகாது. கதவு திறந்ததும் முன்பு வெளியே நின்றவர்களும் உள்ளே வந்தனர். 2014 இல் மிஸ் மார்வெல் என்ற பெயரைத் தாங்கி வந்த கமலா கான், நியூ ஜேர்சியில் வாழும் பாகிஸ்தானியக் குடியேறிகளின் மகள், முஸ்லிம் சிறுமி. அவளே ஒரு சித்திரக்கதை நாயகர்களின் இரசிகை. அவர்களைப் பற்றித் தானாகக் கதை எழுதுபவள். 2015 இல் சான் பிரான்சிஸ்கோவில் பஸ் வண்டிகளில் முஸ்லிம்களை இழிவுபடுத்தும் விளம்பரங்கள் தோன்றியபோது, சிலர் அவற்றின் மேல் கமலா கானின் படத்தை ஒட்டி மறைத்தனர். கம்பனி விற்ற பாத்திரத்தை மக்கள் தம் போராட்டத்துக்கு எடுத்துக்கொண்டனர். இதே காலத்தில், பெண்களும் கறுப்பின மக்களும் கதை எழுத வந்ததைத் தம் சொத்தில் அயலார் புகுந்ததாகக் கருதி அவர்களை வசைபாடிய இரசிகர்களும் இருந்தனர். நீண்டகாலம் சேகரித்து வைத்தவனுக்குத் தான் சேகரித்த பொருளோடு அந்தக் கலையும் தனக்கே உரியது என்ற மயக்கம் உண்டாகிறது. அன்பு உடைமையுணர்ச்சியாகத் திரிந்தால் நேர்வது இதுதான்.

உண்மையான வாசிப்பு வேறோரிடத்தில் மீண்டும் தொடங்கியிருப்பதையும் கவனிக்க வேண்டும். ரெய்னா டெல்கமியர் 2010 இல் 'ஸ்மைல்' என்ற நூலில் பல்லுடைந்த ஒரு சிறுமியின் பாடசாலை வாழ்க்கையை வரைந்தார். பாடசாலை நூலகங்கள் வழியாகவும் புத்தகக் கண்காட்சிகள் வழியாகவும் அத்தகைய நூல்கள் சிறுமியரின் கைக்குச் சென்றன. அவர்கள் மாநாட்டுக்குப் போவதில்லை; பேழையில் அடைப்பதில்லை. மூலை மடியும்வரை வாசித்துத் தோழிக்குக் கொடுக்கின்றனர். முதலாம் தலைமுறை மீண்டும் பிறந்திருக்கிறது எனலாம். பழைய தடையும் உடன்பிறந்திருக்கிறது: 2022 இல் டெனசி மாநிலத்துப் பாடசாலைச் சபையொன்று 'மவுஸ்' நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது.

7

இந்நான்கு தலைமுறைகளையும் தொகுத்து நோக்கும்போது, வாசகன் கடிதக்காரனாகி, கடிதக்காரன் சேகரிப்பாளனாகி, சேகரிப்பாளன் வாடிக்கையாளனானான் என்று இரங்கத் தோன்றும். அவ்விரக்கம் முழு உண்மையன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிலர் சந்தை தமக்கு வகுத்த எல்லையைத் தாண்டி நின்றனர்.

1975 இல் சுப்பர்மான் திரைப்படத்துக்குப் பெருந்தொகை செலவாகும் என்ற செய்தி வந்தபோது, ஜெரி சீகல் ஒரு காரியாலயத்தில் சொற்ப சம்பளத்துக்கு எழுதுவினைஞராக இருந்தார். ஜோ ஷூஸ்டர் பார்வை மங்கித் தம் சகோதரருடன் வாழ்ந்தார். நீல் அடம்ஸ் என்ற ஓவியர் தம் தொழில் தோழர்களைத் திரட்டிப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் இவ்வநீதியை எடுத்துரைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் கம்பனி இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகை வழங்கவும் அவர்களுடைய பெயரை மீண்டும் அச்சிடவும் இணங்கியது. 1980களில் ஜாக் கேர்பியின் மூல ஓவியங்களைத் திருப்பித் தருமாறு ஓவியரும் எழுத்தாளரும் இரசிகரும் கூட்டாகக் குரல் எழுப்பினர்; 1987 இல் ஒரு பகுதி திரும்பியது. அவருடைய வாரிசுகளுடன் கம்பனி சமரசத்துக்கு வந்தது 2014 இலேயே. பில் ஃபிங்கர் 1974 இல் பெயரற்றவராகவே இறந்தார். 1965 இல் பெய்ல்ஸ் எழுப்பிய குரலை மார்க் டைலர் நோபல்மன் என்ற எழுத்தாளர் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கையிலெடுத்து, ஃபிங்கரின் பேத்தியைத் தேடிக் கண்டார். 2015 இலிருந்து பற்மான் படைப்புகளில் ஃபிங்கரின் பெயரும் இடம்பெறுகிறது. நீதி கிடைத்தது, ஆனால் உரியவர் இறந்து 41 ஆண்டுகளுக்குப் பின்னர்.

2012 இல் மற்றுமொன்று நிகழ்ந்தது. சீகலுக்கும் ஷூஸ்டருக்கும் அந்த 130 டொலரையும் வேறு வேலைக்கான கூலியையும் சேர்த்துக் கம்பனி வழங்கிய பழைய காசோலை 1,60,000 டொலருக்கு ஏலம் போயிற்று. சுரண்டலின் அத்தாட்சியும் சேகரிப்புப் பொருளாயிற்று. சந்தை எதையும் விற்கும். தன் குற்றத்தையும் விற்கும்.

இவை யாவும் தூர தேசத்துச் செய்திகள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 1972 இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி' தமிழ் வாசகர் பலரின் இளமையோடு கலந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மனிதனை அறியாத தமிழ்ச் சித்திரக்கதை இரசிகர் இல்லை எனலாம். அது 1962 இல் பிரித்தானிய வார இதழொன்றில் தொடங்கிய கதை. எழுதத் தொடங்கியவர் கென் புல்மர். தீட்டியவர் ஸ்பானியரான ஜெசுஸ் பிளாஸ்கோ. அவ்விதழ்கள் படைப்பாளிகளின் பெயரை அச்சிடும் வழக்கமுடையன அல்ல. மாயாவியின் உடல் மறைந்து கைமட்டும் தெரிந்தது. அவனைத் தீட்டியவரின் கையும் மறைந்தே இருந்தது. நாம் ஆண்டுக்கணக்காக அக்கோடுகளை நேசித்தோம். அவை யாருடையவை என்று நம்முள் எத்தனை பேர் கேட்டோம்?

ஆசிரியர்களாக உள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பறையில் மாணவனின் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்திருக்கும் சித்திரக்கதையைக் கண்டால் பறித்துக் கிழிக்க வேண்டாம். அவ்வழியில் வேர்தம் சென்று கண்ட பலனைப் பார்த்தோம். அவன் வாசிப்பதெல்லாம் நல்லதே என்று வாளாவிருக்கவும் வேண்டாம். அவ்வழியைக் கம்பனிகள் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கின்றன. அவனருகில் அமர்ந்து அவ்விதழை நாமும் வாசிப்போம். இதை எழுதியவர் யார், தீட்டியவர் யார், அவர்களுக்கு என்ன கிடைத்தது, இந்த வீரன் யாருடைய பக்கத்தில் நின்று யாரை அடிக்கிறான் என்று அவனோடு சேர்ந்து கேட்போம். இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய மாணவன் சித்திரக்கதையோடு மட்டும் நிறுத்திக்கொள்ள மாட்டான். தன் உடையைத் தைத்தவர் யார், தான் அருந்தும் தேநீருக்குக் கொழுந்து கிள்ளியவர் யார் என்றும் ஒருநாள் கேட்பான்.